கானாவின் கணீர்... ராக்கின் ரகளை! 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' சத்தத்தைப் புரிஞ்சுக்க ஒரு கையேடு

வைகாசி விசாகத்தன்னிக்கு திருப்பரங்குன்றம் பக்கம் போனவங்களுக்குத் தெரியும். பால்குடம், காவடின்னு கூட்டம் வந்துக்கிட்டே இருக்கும். கடைக்குக் கடை ஸ்பீக்கர் அலறும். அத்தனைக்கும் நடுவுல ஒரு நாயனமோ, ஒரு வயசான அம்மா பாடுற முருகன் பாட்டோ உங்க காதைத் தேடி வந்து பிடிக்கும். மைக் இல்லை, ஆம்ப்ளிஃபையர் இல்லை. ஆனாலும் அந்தக் குரல் தனியாக் கேட்கும். அது எப்படி?

அந்தக் 'கணீர்' சத்தத்தை எலெக்ட்ரிக் கிட்டாரோடும் டிரம்ஸோடும் மோதவிட்டா என்ன ஆகும் என்பதுதான் இந்தக் கட்டுரை. அமெரிக்காவில் இதைச் செய்தவர்களுக்கு 'ஆல்ட் கன்ட்ரி' என்று பெயர் வைத்தார்கள். தமிழ்நாட்டில் அதற்கு மிக அருகில் வருவது, சென்னையின் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்'. பேரைக் கேள்விப்பட்டிருப்பீங்க, ஒண்ணு ரெண்டு பாட்டு ரீல்ஸ்லயும் ஓடியிருக்கும். அந்தச் சத்தத்துக்குள்ள என்ன இருக்குன்னு கொஞ்சம் பிரிச்சுப் பார்ப்போம், வாங்க.

கணீர்னா என்ன?

ஆங்கிலத்தில் இதை 'ட்வாங்' என்பார்கள். கம்பியைச் சுண்டினால் வருகிற 'டொய்ங்' சத்தத்துக்கும், மூக்கோடு சேர்ந்து ஒலிக்கிற கிராமத்துக் குரலுக்கும் ஒரே சொல். கிட்டாரில், கம்பி முடியும் இடத்துக்குப் பக்கத்தில் சுண்டினால் இந்தக் கூர்மை கிடைக்கும். குரலில், தொண்டைக்குழியின் மேல் பகுதி லேசாகச் சுருங்கும்போது கிடைக்கும். அப்படிச் சுருங்கும்போது குரலில் 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதி பலமாகிறது. மனிதக் காதுக்கு மிக நன்றாகக் கேட்பதும் ஏறக்குறைய அந்தப் பகுதிதான். அதனால் அதிகமாகக் கத்தாமலேயே கூட்டத்தைத் தாண்டிக் கேட்கும். திறந்தவெளியில், மேளத்துக்கு நடுவே, மைக் இல்லாமல் பாடிப் பழகிய குரல்களில் இது தானாகவே வந்து உட்கார்ந்துவிடும்.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. இந்தக் குரலைக் கேட்டதும் 'இவங்க இந்த ஊர், இந்த வேலை, இந்த வர்க்கம்' என்று முத்திரை குத்திவிடுவார்கள். சென்னைக்கு வேலைக்குப் போன முதல் மாசமே 'அங்கிட்டு, இங்கிட்டு'ங்கிறதை 'அந்தப் பக்கம், இந்தப் பக்கம்'னு மாத்திக்கிட்ட மதுரைக்காரங்க எத்தனை பேர்! நாம மறைக்கிற அந்தக் குரலையே மைக்குக்கு முன்னாடி கொண்டுவந்து நிறுத்துறதுதான் இந்த வகை இசையோட மொத்த விஷயமும்.

அமெரிக்கால என்ன நடந்துச்சு?

1970-களின் நடுவில் வந்தது பங்க் ராக். சின்னப் பாட்டு, மூணே மூணு கார்டு, ஏகப்பட்ட வேகம். ரமோன்ஸ் இசைக்குழுவின் முதல் ஆல்பத்தில் (1976) 14 பாடல்கள். எல்லாம் சேர்ந்தும் அரை மணி நேரத்தைத் தொடாது. 'பெரிய வித்வானாக இருக்கத் தேவையில்லை, சொல்ல விஷயம் இருந்தால் போதும்' என்பதுதான் பங்க் சொன்ன செய்தி.

அமெரிக்காவின் நாட்டுப்புறத்திலிருந்து வந்த 'கன்ட்ரி' இசை இதற்கு நேரெதிரான உலகம். பண்ணை, சர்ச், குடி, பிரிவு, கடன் பற்றிய பாடல்கள். நகரத்து ராக் ரசிகர்களுக்கு அது 'அப்பா காலத்துப் பாட்டு'.

இரண்டையும் இணைத்ததில் முக்கியமான பெயர் 'அங்கிள் டுபெலோ'. இல்லினாய் மாநிலத்தின் பெல்வில் என்ற சிறு நகரத்தில் ஜே ஃபரார், ஜெஃப் ட்வீடி, மைக் ஹைடோர்ன் ஆகிய மூவர் 1987-ல் தொடங்கிய குழு. 1990-ல் வந்த அவர்களின் முதல் ஆல்பம் 'நோ டிப்ரஷன்'. தலைப்புப் பாடல், கார்ட்டர் ஃபேமிலி 1936-ல் பதிவுசெய்த பழைய பாடல். வேலையில்லாத சிறு நகரத்தின் சலிப்பைப் பாட, தாத்தா காலத்துப் பாட்டும் பங்க் கிட்டாரும் சேர்ந்தே தேவைப்பட்டன. 1994-ல் குழு உடைந்தது. அதிலிருந்து 'சன் வோல்ட்', 'வில்கோ' என இரண்டு குழுக்கள் பிறந்தன. அந்த ஆல்பத்தின் பெயரையே தலைப்பாக வைத்து 1995-ல் ஓர் இசைப் பத்திரிகையும் தொடங்கியது.

இங்கிலாந்தில் லீட்ஸ் நகரத்து பங்க் குழு 'மீகான்ஸ்', 1984-85 சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தத்துக்கு ஆதரவாக மேடை ஏறியது. அதே 1985-ல் கன்ட்ரி வாசனையோடு 'ஃபியர் அண்ட் விஸ்கி' ஆல்பத்தை வெளியிட்டது. உழைக்கிறவர்களின் கோபத்தைப் பாட, உழைக்கிறவர்களின் பழைய இசையே கைகொடுத்தது.

இதை மனசுல வெச்சுக்கிட்டு நம்ம ஊருக்கு வருவோம்.

நம்ம ஊர் கணீர்: கானா

வடசென்னையின் குடிசைப் பகுதிகளிலும் துறைமுகத்தை ஒட்டிய உழைக்கும் மக்களின் தெருக்களிலும் வளர்ந்தது கானா. சாவு வீட்டில் ராத்திரி முழுக்க உட்கார்ந்து, இறந்தவரின் வாழ்க்கையைப் பாட்டாகக் கட்டிப் பாடுவது 'மரண கானா'. எழுதிவைத்த பாட்டு இல்லை. அந்த இடத்திலேயே பிறக்கும். டோலக் இருந்தால் டோலக், இல்லையென்றால் தீப்பெட்டி, மேஜை, டப்பா. எது கையில் கிடைக்கிறதோ அதுதான் தாளம். சாவு ஊர்வலத்துக்கு சட்டி மேளமும் கட்டை மேளமும் பறையும்.

சினிமா கானாவை அறியாமல் இல்லை. 90-களில் தேவா கானாவைத் திரைக்குள் கொண்டுவந்தார். 'சித்திரம் பேசுதடி' (2006) மூலம் கானா உலகநாதன் தமிழ்நாடு முழுக்கத் தெரிந்தார். பா.இரஞ்சித்தின் முதல் படமான 'அட்டகத்தி'யில் (2012), சந்தோஷ் நாராயணன் இசையில் கானா பாலா பாடினார். ஆனால், பெரும்பாலான படங்களில் கானாவுக்குக் கிடைத்த இடம் ஒன்றுதான்: ஹீரோ குடித்துவிட்டு ஆடும் பாட்டு, அல்லது காமெடிப் பாட்டு. அழுவதற்காகவும் ஆறுதலுக்காகவும் பிறந்த இசை, குத்தாட்டமாக மட்டுமே வெளியே தெரிந்தது.

2018 ஜனவரி 6

இந்த இடத்தில்தான் கலெக்டிவ் வருகிறது. பா.இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும், இசைக் கலைஞர் டென்மாவின் மெட்ராஸ் ரெக்கார்ட்ஸும் சேர்ந்து 2017-ல் இந்தக் குழுவை உருவாக்கின. டென்மா அதற்கு முன்பே கபேர் வாசுகியோடு 'குரங்கன்' என்ற தமிழ் இண்டி குழுவில் இருந்தவர். அதாவது, ஒரு பக்கம் ராக் மேடை அனுபவம். மறுபக்கம் தெருவில் பாடிப் பழகிய கானா பாடகர்கள், மேளக் கலைஞர்கள், ராப் பாடகர்கள். மொத்தம் 19 பேர். பாடகர்களில் இசைவாணி, ராப்பில் அறிவு ஆகியோர் பின்னாளில் தனியாகவும் பெயர் பெற்றார்கள்.

குழுவின் பெயருக்குப் பின்னால் இருப்பவர் அயோத்திதாசப் பண்டிதர் (1845-1914). 'சாதி பேதமற்ற தமிழர்' என்று அவர் முன்வைத்த அடையாளம்தான் ஆங்கிலத்தில் இந்தப் பெயராக மாறியது.

2018 ஜனவரி 6 அன்று சென்னை கீழ்ப்பாக்கத்தில் முதல் கச்சேரி. ஆயிரக்கணக்கில் மக்கள் திரண்டார்கள். சென்னைக்கு இசை சீஸன் என்றால் மார்கழியும் சபாக்களும்தான். அதே சீஸனில், அதே நகரத்தில், கோட் சூட் போட்ட 19 பேர் கானா பாடினார்கள். உடை சாதாரண விஷயம் இல்லை. 'கானான்னா லுங்கி'ன்னு சினிமா சொல்லிக்கொடுத்த படத்தை அந்த கோட் முதல் நொடியிலேயே கலைச்சுப்போட்டுடுச்சு. அதே ஆண்டு 'மகிழ்ச்சி' ஆல்பமும் வெளியானது.

சத்தத்துக்குள்ள என்ன நடக்குது?

இப்போ ஒரு சின்ன பயிற்சி. தொடையில் நிதானமா நாலு தட்டு தட்டுங்க. ஒவ்வொரு தட்டுக்கும் வாயால் 'த-கி-ட' சொல்லுங்க. இதுதான் திஸ்ர நடை. டப்பாங்குத்து, சாவு மேளம், நையாண்டி மேளத்தில் நீங்கள் கேட்கிற அந்தத் துள்ளல் பெரும்பாலும் இதிலிருந்துதான் வருகிறது.

அதே நாலு தட்டு. இப்போ 'த-க' மட்டும் சொல்லுங்க. துள்ளல் போய், நேராக ஓடுகிற வேகம் வந்துவிடும். பங்க் ராக்கின் பெரும்பாலான பாடல்கள் இப்படித்தான் ஓடும்.

மூணாவதா, 'த-கி-ட'வில் நடுவில் இருக்கும் 'கி'யை மட்டும் விழுங்கிட்டுச் சொல்லுங்க. 'த...ட, த...ட.' குதிரை நடை மாதிரி இருக்கும். இது கன்ட்ரி இசையில் அடிக்கடி கேட்கிற 'ஷஃபிள்'. பாருங்க, அமெரிக்கப் பண்ணையின் நடையும் நம்ம ஊர் மேளத்தின் நடையும் பங்காளிங்க!

நாலு தட்டு என்பது எல்லாருக்கும் பொது. அதனால் டிரம்ஸ் அந்த நாலைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டால், சட்டியும் பறையும் உள்ளே மூன்று மூன்றாக விளையாடலாம். கிட்டார் எந்தப் பக்கம் சாய்கிறதோ அதற்கேற்ப பாட்டு ராக்காகவோ கானாவாகவோ மாறும். ஒரே பாட்டுக்குள் இரண்டுக்கும் நடுவே தாவவும் முடியும்.

சொல்ல எளிது, மேடையில் கஷ்டம். மூன்று சிக்கல்கள் உண்டு.

1. சுருதி: பறையின் தோலைத் தீயில் காட்டித்தான் விறைப்பேற்றுவார்கள். ஈரக்காற்று பட்டால் தொய்ந்துவிடும். கிட்டாருக்கு அந்தப் பிரச்னை கிடையாது. முதல் பாட்டில் கேட்ட பறை, ஐந்தாவது பாட்டில் வேறு குரலில் பேசும்.

2. அடி: பறையில் இடது கையில் நீளமான சிம்புக்குச்சி, வலது கையில் குட்டையான அடிக்குச்சி. சிம்பு கொடுக்கும் 'சுளீர்' சத்தமும், டிரம்ஸின் ஸ்நேர் சத்தமும் ஒரே இடத்தில் விழுந்தால் ஒன்றை ஒன்று விழுங்கிவிடும். யாராவது ஒருத்தர் விட்டுக்கொடுத்தே ஆகணும்.

3. குரல்: எலெக்ட்ரிக் கிட்டாரின் கரகரப்பும் கானாக் குரலின் கணீரும் ஏறக்குறைய ஒரே அலைவரிசையில் போட்டி போடும். அதனால் பாடகர் பாடும்போது கிட்டார் ஒதுங்கி, வரி முடிந்ததும் பாய்ந்து வருவதுதான் வழி.

அடுத்த தடவை ஹெட்போன்ல கேட்கும்போது இந்த மூணையும் தேடிப்பாருங்க. யார் எப்போ ஒதுங்குறாங்க, யார் எப்போ உள்ளே வர்றாங்கன்னு கவனிச்சா, பாட்டு வேற மாதிரி கேட்கும்.

சரி, இதுல பங்க் எங்க இருக்கு?

இசை இலக்கணப்படி கலெக்டிவ் ஒரு பங்க் குழு இல்லை. கானா, ராக், ராப் மூன்றும் கலந்தது. ஆனால் பங்க்கின் குணம் இருக்கிறது. இட ஒதுக்கீடு, மாட்டிறைச்சி, கழிவகற்றும் தொழிலாளர் மரணம் என்று, வீட்டில் சாப்பாட்டு மேஜையில் பேசினால் சண்டை வரும் விஷயங்களைத்தான் பாட்டாக்கினார்கள். சுத்திவளைக்காத வரிகள். தெருவில் பேசுகிற அதே சென்னைத் தமிழ்.

அதற்கு விலையும் உண்டு. கானா பெரும்பாலும் ஆண்களின் மேடை. அதில் பாட வந்த இசைவாணியை 2020-ல் பி.பி.சி, உலகின் 100 பெண்கள் பட்டியலில் சேர்த்தது. அதே இசைவாணி, கோயில் நுழைவில் பெண்களின் உரிமையைப் பேசிய 'ஐ ஆம் சாரி ஐயப்பா' பாடலுக்காக, அது வந்து 6 ஆண்டுகள் கழித்து 2024 நவம்பரில் இணையத்தில் கடுமையான வசவுகளையும் மிரட்டல்களையும் சந்தித்தார். மனம் புண்பட்டதாகச் சொல்லி போலீஸில் புகார்களும் போனது. பாடலின் கருத்தோடு உடன்படாமல் இருப்பது யாருடைய உரிமையும்தான். ஆனால், குழுவாகப் பாடிய பாட்டுக்குப் பாடிய பெண்ணை மட்டும் குறிவைத்து மிரட்டுவது, கருத்து வேறுபாடு இல்லை.

கறிவேப்பிலைப் பிரச்னை

நாட்டுப்புற இசையையும் ராக்கையும் கலக்கிறவங்க எல்லாரையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. கறிவேப்பிலை மாதிரி வாசனைக்குப் போட்டு, சாப்பிடும்போது ஒதுக்கி வைக்கிற கலவைகளும் உண்டு. இதைக் கண்டுபிடிக்க ஒரு எளிய டெஸ்ட் இருக்கு: அந்தப் பாட்டிலிருந்து பறையையோ கானாக் குரலையோ எடுத்துவிட்டால் பாட்டு நிற்குமா? நின்றால், அது கறிவேப்பிலை. கலெக்டிவின் பாடல்களில் சட்டியையும் குரலையும் எடுத்தால் மிச்சம் ஒன்றும் இருக்காது.

மேடையில் மட்டுமல்ல, பெயர் போடும் இடத்திலும் இந்தப் பிரச்னை வரும். 2021 மார்ச்சில் வெளியான 'எஞ்சாயி எஞ்சாமி' நினைவிருக்கிறதா? தீயும் அறிவும் பாடியது. தன் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்க்கையிலிருந்து அறிவு எடுத்த வரிகள். அதே ஆண்டு ஆகஸ்ட்டில் 'ரோலிங் ஸ்டோன் இந்தியா' அட்டையில் தீயும் ஷான் வின்சென்ட் டி பாலும் இருந்தார்கள், அறிவு இல்லை. பா.இரஞ்சித் உட்படப் பலர் கேள்வி எழுப்பினார்கள். பிறகு அறிவின் படத்தோடு தனியாக ஒரு டிஜிட்டல் அட்டை வந்தது. வரிகள் உலகம் முழுக்கப் போய்ச் சேர்ந்த பிறகும், எழுதியவர் முகம் சேர ஒரு சண்டை தேவைப்பட்டது.

மதுரைக்கு இதுல என்ன?

நிறையவே இருக்கு. 2020 டிசம்பரில் நீலம் தொடங்கிய 'மார்கழியில் மக்களிசை' விழா, 2021-ல் சென்னைக்கு முன்பாக மதுரையிலும் கோவையிலும் நடந்தது. பறை இசைக்காக 2025-ல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்ட வேலு ஆசான், நம்ம அலங்காநல்லூர்க்காரர். திருப்பரங்குன்றத்து முருகனுக்கும் இந்த இசையில் ஒரு தொடர்பு உண்டு: லண்டனில் பிறந்த தமிழ்ப் பாடகி சுசீலா ராமன், முருகன் பக்திப் பாடல்களை ராக் கிட்டாரோடு சேர்த்து 2011-ல் வெளியிட்ட ஆல்பத்தின் பெயரே 'வேல்'.

காலேஜ் ஃப்ரெண்ட்ஸோட சேர்ந்து நீங்களும் இப்படி ஒரு பேண்ட் தொடங்குற ஐடியாவில் இருந்தா, இதையெல்லாம் முதல்லயே பேசிடுங்க:

* சம்பளம்: கிட்டாரிஸ்ட்டுக்கு எவ்வளவோ, பறை வாசிக்கிறவருக்கும் அவ்வளவு. 'அண்ணே, ஒரு பாட்டுக்கு வந்து அடிச்சுட்டுப் போங்க' என்பது பேண்ட் இல்லை.
* ஒத்திகை: மேளக்காரரைக் கடைசி நாள் மட்டும் கூப்பிடாதீங்க. பாட்டு பிறக்கும்போதே அவர் அந்த அறையில் இருக்கணும். தாளம் அவருடையது, நீங்கதான் அதுக்கு கார்டு தேடணும்.
* பெயர்: யூடியூப், ஸ்பாட்டிஃபையில் ஏற்றும்போது எழுதியவர், மெட்டுப் போட்டவர், வாசித்தவர் பெயர் எல்லாம் இருக்கணும். யாருக்கு எத்தனை சதவிகிதம் என்பதை வெளியிடுவதற்கு முன்பே ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து போட்டுக்குங்க.
* உரிமை: 2012-ல் திருத்தப்பட்ட காப்புரிமைச் சட்டம், பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் ராயல்டியில் பங்கு உண்டு என்கிறது. ஐ.பி.ஆர்.எஸ் அமைப்பில் உறுப்பினரானால் அதை வசூலிக்க வழி இருக்கிறது.
* ஊர்ப் பாட்டு: ஒரு பாட்டி பாடின பாட்டை எடுத்தா, அந்தப் பாட்டியிடம் கேளுங்க. யாரிடமிருந்து, எந்த ஊரிலிருந்து எடுத்ததுன்னு போடுங்க. 'டிரெடிஷனல்' என்ற ஒற்றை வார்த்தைக்குள் ஒரு ஆளை மறைச்சுடாதீங்க.

எங்கிருந்து கேட்க ஆரம்பிக்கலாம்?

* 'மகிழ்ச்சி', தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் (2018): இதுதான் ஆரம்பம். முதல் தடவை வரிகளுக்காக, ரெண்டாவது தடவை சட்டிக்காகக் கேளுங்க.
* 'தெருக்குறள்', அறிவு - ஆஃப்ரோ (2019): அறிவின் சொல்வீச்சு தனியாக நிற்கும்போது எப்படி இருக்கும்னு தெரியும்.
* குரங்கன்: டென்மாவின் ராக் பக்கம்.
* 'நட்சத்திரம் நகர்கிறது' (2022): இதே டென்மா, பா.இரஞ்சித் படத்துக்கு இசையமைத்தபோது என்ன செய்தார் என்று பார்க்கலாம்.
* 'வேல்', சுசீலா ராமன் (2011): ராத்திரி, ஹெட்போனில்.
* 'நோ டிப்ரஷன்', அங்கிள் டுபெலோ (1990): வரி புரியலைன்னாலும் பரவாயில்லை. வேகமான கிட்டார் திடீர்னு அடங்கி, பழைய பாட்டு மெதுவா எட்டிப்பார்க்கிற இடங்களைக் கவனிங்க.

பெல்வில்லுக்கும் வடசென்னைக்கும் நடுவில் பாதி உலகம் இருக்கிறது. அவர்கள் பாட்டு இவர்களுக்குப் போனதாகவோ, இவர்கள் பாட்டு அவர்களுக்குப் போனதாகவோ சொல்ல வரவில்லை. தன் ஊர்க் குரலை இறக்குமதி கிட்டாருக்காகத் திருத்தாமல், கிட்டாரை அந்தக் குரலுக்காகத் திருத்தினார்கள். இரண்டு இடத்திலும் நடந்தது அதுதான். மதுரைத் தமிழில் இன்னும் அப்படி ஒரு ஆல்பத்துக்கு இடம் காலியா இருக்கு. 'அங்கிட்டு'ங்கிறதை மாத்தாமப் பாடுற ஒருத்தர் உங்க கேங்குல இருந்தா, மைக்கை அவங்க கையில கொடுங்க!